பிணத்துக்குத் தலை சீவியவர்

போட்டோக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. கேமராவுக்கு முன்னால் யார் வந்தாலும் காலரைச் சரிசெய்வார், சட்டையை இழுத்துவிடுவார், பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிவிடுவார். பின்னால் வாளியோ துடைப்பமோ தெரிந்தால் அதை அப்புறப்படுத்தாமல் அவருக்குப் படம் எடுக்கக் கை வராது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மாவையே, "கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க" என்று படத்தை விட்டே தள்ளிய ஆள்.

இந்த வியாதிதான் அந்த ஊரில் ஒரு கொலையை உண்டாக்கியது.

கடைத்தெருக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒருநாள் காலையில் தன் வீட்டு முன்னறையில் செத்துக் கிடந்தார். பின்மண்டையில் அடி. இன்ஸ்பெக்டர் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். அதற்குள் படம் எடுத்து வைக்கும்படி போட்டோக்காரருக்குப் போனில் சொல்லிவிட்டார். காவலுக்கு வந்த கான்ஸ்டபிளுக்குப் பிணம் என்றாலே ஆகாது. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க போய் எடுங்கண்ணே. நான் இங்கயே காவலுக்கு இருக்கேன்."

உள்ளே ஒரே அலங்கோலம். ஸ்டூல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு பல்பு சில்லுசில்லாக உடைந்திருந்தது. செத்தவரின் தலை கலைந்து, ஒரு கால் மடங்கி, சட்டை மேலேறி வயிறு தெரிந்தது. போட்டோக்காரருக்கு மனசு கேட்கவில்லை. பெரிய மனுஷரின் கடைசிப் படம் இப்படியா வரணும்? ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் வைத்தார். கண்ணாடிச் சில்லுகளைக் கூட்டி அள்ளிக் குப்பைக்கூடையில் போட்டார். காலை நீட்டி, சட்டையை இறக்கி, தலையை வாரி அழகாக வகிடும் எடுத்துவிட்டார். கேமராவைக் கண்ணில் வைத்ததும் பழக்கதோஷத்தில், "கொஞ்சம் சிரிச்ச மாதிரி..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். சைக்கிள் திருட்டும் புருஷன் பெண்டாட்டி சண்டையும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனவர். நல்லதாக ஒரு கொலை கிடைக்காதா என்று அவர் ஏங்கியது ஊருக்கே தெரியும். அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேலே பல்பு இல்லாமல் வெறும் ஹோல்டர் தொங்கியதை மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"தடுக்கி விழறதுக்கு இங்க ஒரு துரும்பு கூட இல்ல. அடிச்சுப் போட்டு, நேரா படுக்க வெச்சு, தலையும் சீவி விட்டுட்டுப் போயிருக்கான். எவன்யா அவன்?"

வாசலில் எட்டிப் பார்த்த டீக்கடைக்காரர், துப்பறிவதற்கென்றே பிறந்தவர் போல, "தலை சீவறது எவனுக்குத் தொழிலோ அவன்தான் சார்" என்றார்.

அவ்வளவுதான். போட்டோக்காரரின் ஸ்டூடியோவுக்கு அடுத்த கடை சலூன்காரனை அள்ளிக்கொண்டு போய் லாக்கப்பில் போட்டார்கள். கடையைக் காலி பண்ணச் சொன்னதற்காக அவன் கட்டடக்காரரை நடுத்தெருவில் வைத்துத் திட்டியிருந்தான். அதுவும் சேர்ந்துகொண்டது.

போட்டோக்காரர் அப்போதே வாயைத் திறந்தார். "சார், அந்தத் தலை வந்து..."

"படம் பிரமாதம்யா!" என்று இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டினார். "பேப்பர்ல கேக்கறாங்க, ஒரு காப்பி குடு."

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கீழே ஸ்டூடியோவின் பெயர். ஊர் முழுக்க அதே பேச்சு. தூங்குற மாதிரி இருக்காரே, என்னமா எடுத்திருக்கார் என்றார்கள். இத்தனை வருஷத்தில் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு யாரும் அவரை இப்படிப் புகழ்ந்ததில்லை. படத்தை வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த நாளும் அப்படியே நினைத்தார். சொன்னால் நம்மையும் உள்ளே தள்ளிவிடுவார்கள், பிள்ளைகுட்டிக்காரன் நான் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். சலூன் பூட்டியே கிடந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் கடைக்குள் நுழையப் பழகிக்கொண்டார்.

சலூன்காரன் பெண்டாட்டி ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்தாள். அவளைக் கண்டதும் ஒட்டிய படத்தை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, படம் எடுத்தது நீங்கதானே? நல்லா உத்துப் பாருங்கண்ணே. இவரு பண்ணலைங்கறதுக்கு அதுல ஏதாவது இருக்கும். உங்க கண்ணுக்குத் தப்பாது."

"பாக்கறேம்மா" என்றார் போட்டோக்காரர்.

சொன்ன வாயை என்ன செய்தால் தகும்? அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். அந்தக் கும்பிடு சாட்டையடி போல விழுந்தது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. மத்தியானம் சோற்றில் கை வைத்தார், இறங்கவில்லை. சலூன்காரனைப் பெரிய ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று சாயங்காலம் டீக்கடைக்காரர் சொன்னார். போட்டோக்காரர் செருப்பைக்கூட மாட்டாமல் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

அங்கே பெஞ்சில் அவளும் உட்கார்ந்திருந்தாள். கம்பிக்குப் பின்னால் சலூன்காரன், நாலைந்து நாள் தாடியோடு. அவர் வந்ததும் இரண்டு பேர் முகமும் மலர்ந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு இன்னும் கூசியது. இருந்தாலும் நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டார். ஸ்டூல், பல்பு, கால், சட்டை, தலை, சீப்பு என்று ஒன்று விடவில்லை.

கான்ஸ்டபிள் ஓடிப்போய் ஸ்டூலையும் குப்பைக்கூடையையும் தூக்கிக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரே ஒரு கொலை கிடைத்தது, அதுவும் கை நழுவிவிட்டது.

"அப்ப பல்பு மாத்தப் போய் விழுந்து செத்திருக்காரு. கொலையே நடக்கல." இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "இத்தனை நாளா ஏன்யா சொல்லல? போலீஸ்னு பயந்துட்டியா?"

நல்ல சாக்கு. அவரே எடுத்து நீட்டுகிறார். ஆமாம் சார் என்று தலையை ஆட்டினால் போதும், ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். போலீஸுக்குப் பயப்படாதவன் யார்? போட்டோக்காரர் வாயைத் திறந்தார். பெஞ்சிலிருந்து அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் இன்னொரு பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"பயம் இல்ல சார்" என்றார் தரையைப் பார்த்து. "படம் நல்லா வந்திருந்துது."

கம்பிக்குப் பின்னாலிருந்து சலூன்காரன்தான் கேட்டான், கோபமே இல்லாமல், நிஜமாகவே புரியாதவன் போல.

"அதுக்காகவாண்ணே?"