ஜெபதுரை அனுப்பிய படம்

கடிதத்தை அவளுக்கா எழுதணும், அவளுக்கா... மூன்று பேரும் ஒரே வகுப்பில் எம்.எஸ்ஸி. பௌதிகம் படித்தவர்கள், அதில் இன்றைக்கும் ராஜபாளையத்துக் கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவன் காசிராஜன் ஒருத்தன்தான், மனைவி பரிபூரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர், இது தெரிந்தும் ஜெர்மனியில் இருக்கிற ஜெபதுரை கவரின் மேல் அவள் பெயரைப் போட்டு, கீழே பொடி எழுத்தில் மே/பா காசிராஜன் என்று இவன் கல்லூரி விலாசத்தை எழுதியிருக்கிறான். மே/பா! இவன் வெறும் மேற்பார்வை! காசிராஜன் பிரித்துவிட்டான், பிரித்து மூன்று நாளாகிறது, பையில்தான் கிடக்கிறது, பஸ்ஸில் மில் ஷிப்ட் விட்டு ஏறிய கூட்டம் நெருக்கியபோது பையை மடியில் இறுக்கிக்கொண்டான். ஜெபதுரை லென்ஸே இல்லாமல் ஒரு நுண்ணுயிர் மேல் எக்ஸ்ரே பாய்ச்சி, சிதறி விழுந்த புள்ளிகளை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்கிலேயே அதன் உருவத்தை எடுத்திருக்கிறானாம், அந்தப் படத்தையும் கவரில் வைத்திருக்கிறான், உள்ளே நுணுக்கம் மட்டும் மங்கல், ஆயிரம் தடவை கணக்கை ஓட்டியும் தெளியவில்லையாம், 'ஏன்னு நீ பாத்ததும் சொல்லிருவே பரிபூரணம்'... ஏன், நான் சொல்ல மாட்டேனா? லைப்ரரியில் இரண்டு நாள் உட்கார்ந்ததில் நேற்றுத்தான் பிடிபட்டது, நுணுக்கத்தைச் சுமந்து வரும் ஒளி திரையின் ஓரத்தில் விழும், அங்கே வருவதோ சொற்பம், வராத ஒளியை எந்தக் கணக்கு கொண்டுவரும்? பதிலும் எழுதியாயிற்று, தன் பெயரில். பஸ் ஸ்டாண்ட் தபால்பெட்டி முன்னால் செத்த நேரம் நின்றான், போடவில்லை, முதலில் அவள் முழிக்கட்டும், பொறவு நாம் சொல்லலாம்.

வீட்டில் அவள் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள், கவரை நீட்டினான். கவர் ஏன் பிரிந்திருக்கிறது என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடத் தேவலை, வாசித்துவிட்டுப் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தாள், ஒரு நிமிஷம் இருக்குமா, அதுகூட இருக்காது.

"எம்புட்டுத் தடவை ஓட்டினாலும் இம்புட்டுத்தாங்க தெரியும். ஓரத்துல வெளிச்சம் பத்தலை."

"எக்ஸ்ரேயைக் கூட்டி அடிக்க வேண்டியதுதான?"

"கூட்டினா அந்த நுண்ணுயிரு கருகிப் போகும். பொறவு எதைப் படம் எடுக்க?"

அவன் எழுதிய மூன்று பக்கமும் அம்புட்டுத்தான். "நீங்களே எழுதிப் போட்டுருங்க, எனக்கு இன்னும் முப்பது பேப்பர் கிடக்கு" என்று சிவப்புப் பேனாவை எடுத்தாள், எவ்வளவு லேசாகக் கொடுத்துவிட்டாள், ஜெபதுரை மேல்தான் எரிச்சல் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்தான், இவள் மேலா... அவள் வலது கை தப்புக்களைச் சுழித்துக்கொண்டே போனது, இடது கை படத்தின் மேல் இருந்தது, "சரி, எழுதிப் போடுதேன், படத்தைத் தா" என்றான், சரியென்று தலையாட்டினாள், படத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.