படுக்க வைக்காத பாட்டில்

“ஒவ்வொரு பாட்டிலுக்கும் திறக்க வேண்டிய நாள்னு ஒண்ணு உண்டு. முன்னாடியே திறந்தா துவர்க்கும். தாண்டிப்போச்சுன்னா புளிக்கும்.”

“அந்த நாள் என்னிக்குன்னு எப்பிடித் தெரியும்?”

“பழக்கந்தான். வருஷம் பாக்கணும், ஊர் பாக்கணும், எங்க வச்சிருந்தாங்கன்னு பாக்கணும்.”

“சரி. எங்கப்பாகிட்ட என்னைக் கேக்க வேண்டிய நாள் என்னிக்கு?”

“வில்லிவாக்கம் வந்துடுச்சு” என்றான் கார்த்திகேசன்.

மின்சார ரயிலில் நடந்த அந்தப் பேச்சு ஒரு வருஷத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு வில்லிவாக்கம் எத்தனையோ முறை வந்து போய்விட்டது. கேட்க வேண்டியதை மட்டும் அவன் கேட்கவில்லை. இப்போது பூந்தமல்லியிலிருந்து ஒரு குடும்பம் வருகிற வெள்ளிக்கிழமை தேவிப்பிரியாவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. இன்றைக்கு ஞாயிறு. கையில் ஐந்தே நாள்.

கார்த்திகேசன் திருமுல்லைவாயில்காரன். நகரத்தில் ஒரு பெரிய ஓட்டலில் ஒயின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அரிய பழைய பாட்டில்களைச் சேர்த்து வைக்கும் பணக்காரர்கள் அங்கே விருந்துக்கு வருவார்கள். கார்க் உடையாமல் திறந்து, வண்டல் கலங்காமல் ஊற்றி, முதலில் ஒரு வாய் ருசி பார்த்து, கெடவில்லை என்று சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு. முப்பது வருஷத்து ஒயினை முகர்ந்துவிட்டு ஈர மண், காய்ந்த அத்திப்பழம், பழைய தோல் செருப்பு என்று அடுக்குவான். “செருப்பு வாசனைக்கா காசு குடுக்கறாங்க?” என்று தேவி கேட்டதுதான் அவர்களுடைய முதல் பேச்சு. அவளுக்கும் மூக்கில்தான் பிழைப்பு. பெரம்பூரில் ஒரு மசாலா கம்பெனியின் பரிசோதனைக்கூடத்தில் மல்லியையும் சீரகத்தையும் முகர்ந்து தரம் பிரிப்பவள். மூன்று வருஷமாக இரண்டு மூக்குகளும் ஒரே ரயிலில் போய்வந்துகொண்டிருந்தன.

அவனை வீட்டுக்குக் கூட்டிவர ஒரு சாக்கு வேண்டியிருந்தது. சாக்கு வீட்டிலேயே, சாமி அலமாரியில் நின்றுகொண்டிருந்தது.

தேவியின் அப்பா ஜெயராமன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்துநாலு வருஷத்துக்கு முன்னால் பிரான்சிலிருந்து ஒரு மெஷின் வந்தது. கூடவே ஓர் இன்ஜினியரும் வந்தார். மூன்று நாளாக ஓடாத மெஷினை ஜெயராமன் ஒரு வாஷரை மாற்றி ஓட்டிக் காட்டினார். இன்ஜினியர் அவரைக் கட்டிப்பிடித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த ஒயின் பாட்டிலைக் கையில் கொடுத்து என்னவோ சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது. ஜெயராமன் ஒரு சொட்டும் தொடாதவர். ஆனால் தொழிலுக்குக் கிடைத்த மரியாதையாயிற்றே. மண்ணூர்பேட்டை வீட்டின் சாமி அலமாரியில் ஸ்பேனர் செட்டுக்குப் பக்கத்தில் அதை நிற்க வைத்தார். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஸ்பேனருக்கு வைக்கிற சந்தனமும் குங்குமமும் பாட்டிலுக்கும் உண்டு. கற்பூரமும் அதற்குச் சேர்த்தேதான்.

“முதல்ல பாட்டிலைப் புகழு. அப்பா குளிர்ந்துடுவாரு. அப்புறம் என்னைக் கேளு. வரிசை மாத்தாதே” என்று தேவி சொல்லி வைத்திருந்தாள்.

“கெட்டுப் போயிருந்தா?”

“நல்லாருக்குன்னு சொல்லிடு.”

“வேற எதுல வேணா பொய் சொல்றேன் தேவி. இதுல வராது.”

அன்று மாலை நாலு மணிக்கு, பாட்டிலைத் திறந்து பார்த்துச் சொல்கிறவனாக அவன் வந்தான். பையில் செய்தித்தாள் சுற்றிய இரண்டு ஒயின் கிளாஸ்களில் ஒன்று ஷேர் ஆட்டோவின் குலுக்கலில் உடைந்திருந்தது.

“ஒண்ணு போதும் நைனா” என்றார் ஜெயராமன். புதுச் சட்டை போட்டிருந்தார், அதுவும் வெள்ளையில். “எங்க ஊட்ல எல்லாரும் தூக்கித்தான் குடிப்போம். எச்சப் பண்ற பழக்கம் கெடையாது.”

பாட்டிலைக் கையில் வாங்கிய கார்த்திகேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒயின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் கனத்துக்குச் சந்தனம்.

“இத்த எப்பவுமே நிக்கத்தான் வச்சிருந்தீங்களா சார்?”

“பின்ன? சாமி முன்னால படுக்கவா வப்பாங்க? காலு நீட்டிக்கினு?”

கார்த்திகேசன் கார்க்கில் திருகியை இறக்கினான். படுக்க வைத்தால்தான் கார்க் நனைந்தே இருக்கும். நிற்க வைத்தால் காய்ந்து சுருங்கிக் காற்றை உள்ளே விடும். தேவிக்கு இது தெரியும். ரயிலில் கேட்ட பாடம். இருந்தும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கார்க் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

“அம்மா, டீ வடிகட்டி இருந்தா குடுங்க” என்றான்.

தேவியின் அம்மா சாமுண்டீஸ்வரி வடிகட்டியும் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கொண்டுவந்தாள். செங்கல் நிறத்தில் ஒயின் கிளாஸில் இறங்கியது.

“பெரியவங்க முதல்ல” என்று கார்த்திகேசன் நீட்டினான். “வாய் வச்சுக் குடிக்கணும் சார். மூக்கு கிளாஸுக்குள்ள இருந்தாத்தான்...”

அதற்குள் ஜெயராமன் அண்ணாந்துவிட்டார். சொம்பில் மோர் குடித்துப் பழகிய கை. ஒயின் கிளாஸோ குடம் போல வயிறு பெருத்தது, எங்கே ஊற்றும் என்று அதற்கே தெரியாது. கால் பங்கு வாய்க்கும், முக்கால் பங்கு மீசை வழியாகச் சட்டைக்கும் போனது. கண்ணில் தண்ணீர் முட்ட, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

“நல்லாத்தான் கீது.”

“சட்டை கூட நல்லாத்தான் கீது” என்றாள் சாமுண்டீஸ்வரி. டம்ளரில் கொஞ்சம் ஊற்றச் சொல்லி வாங்கினாள். “நான் குடிக்க மாட்டேம்ப்பா. மோந்துதான் பாப்பேன்.” முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். “ஊறுகாய்க்கு ஆவும்.”

“உனக்கு இன்னா தெரியும்? பிரான்ஸ் சரக்கு” என்றார் ஜெயராமன். “தம்பி, நீ சொல்லு.”

கார்த்திகேசன் கிளாஸைச் சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி, உதடு வைத்து ஒரு வாய் எடுத்தான். நல்லாருக்குன்னு சொல்லேன், என்று தேவி மனசுக்குள் கெஞ்சினாள். அதே நேரம், அப்படிச் சொல்லிவிட்டால் இவனை எதற்கு மூன்று வருஷமாகப் பிடித்திருந்தது என்றும் தோன்றியது.

“கெட்டுப் போச்சு சார்” என்றான்.

ஜெயராமன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். “இருவத்தினாலு வருசம் சூடம் காட்டினேனேப்பா.”

“காத்து உள்ள போயிடுச்சு. மெட்ராஸ் வெயிலு வேற. நல்ல சரக்குதான் சார். அவரு சும்மா குடுக்கல. ஒரு எட்டு, பத்து வருசத்துக்கு முன்னாடி திறந்திருந்தா அமிர்தமா இருந்திருக்கும்.”

“அப்ப ஒண்ணுமே இல்லியா?”

“புளிப்புக்கு அடியில...” என்று இழுத்தான், வார்த்தை அகப்படாமல்.

சாமுண்டீஸ்வரி இன்னும் டம்ளரை விடவில்லை. “மால காஞ்சு போனா வருமே, ரோசாப்பூ மால. அந்த வாசன கீது. கூட லேசா ஊதுவத்தி.”

கார்த்திகேசன் நிமிர்ந்தான். “அதேதான் அம்மா. எங்க ஓட்டல்ல இத்தக் கண்டுபிடிக்க எனக்கே அஞ்சு வருசமாச்சு.”

“பொண்ணுக்கு மூக்கு எங்கேருந்து வந்துச்சின்னு நெனச்சே?” என்றாள் அவள்.

ஜெயராமனுக்கு இது ஆறுதலாக இல்லை. “ஏம்ப்பா, இது தெரிஞ்சவனா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்த சொல்ல வேணாமா? இத்தினி நாளு மூடி வச்சிக்கினு...”

அவர் அந்த இன்ஜினியரைச் சொன்னாரா, இவனைச் சொன்னாரா என்று தெரியவில்லை. தேவிக்கு மட்டும் அது சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்ததாகத் தோன்றியது. காய்ந்த ரோஜா எங்கே என்று அவள் மூக்கும் அரித்தது. கார்த்திகேசன் கீழே வைத்த கிளாஸை எடுத்தாள். ரயிலில் அவன் சொல்லிக் கொடுத்தபடியே சுழற்றினாள், முகர்ந்தாள், அவன் உதடு பட்ட ஈரத்தின் மேலேயே உதடு வைத்து ஒரு வாய் குடித்தாள். முதலில் புளி. பிறகு, ஆமாம், மாலைதான்.

நிமிர்ந்தபோது எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அது அந்தத் தம்பி வாய் வச்ச கிளாசு” என்றார் ஜெயராமன்.

“பரவால்லப்பா” என்றாள் தேவி, யோசிக்காமல்.

அப்பாவின் டம்ளரில் கூட அவள் வாய் வைத்ததில்லை. அந்தப் ‘பரவால்ல’ கூடத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஜெயராமன் பெண்ணைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார். சாமுண்டீஸ்வரி டம்ளருக்குள் மூக்கை வைத்துக்கொண்டு, “எனக்கு ரயிலடி வாசன கூட வருது” என்றாள்.

“பரவால்லன்னா இன்னா அர்த்தம்?” என்று ஜெயராமன் அவனிடம் கேட்டார்.

தேவி அவனைப் பார்த்தாள். இந்த வீட்டுக்குள் வில்லிவாக்கம் வராது.

கார்த்திகேசன் கையிலிருந்த கார்க் தூளைத் தட்டிவிட்டு எழுந்து நின்றான். வந்ததிலிருந்து சார், சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒருமுறை தொண்டையைச் செருமினான்.

“மாமா” என்றான். “தேவியை எனக்குக் கட்டிக் குடுங்க.”