இரண்டு திரை, ஒரு ஆரஞ்சு

பழச்சாறு தயாரிப்பவர் பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். லேபிளில் இருந்த ஆரஞ்சுப் பழம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"ஜூஸ் குடிக்க வர்றவங்க இதைப் பார்த்தா வீடு கட்டக் கிளம்பிடுவாங்கம்மா," என்றார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, மனுஷர் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. புதிதாகச் செய்து தருகிறோம் என்று அவரை அனுப்பிவைத்தார்கள்.

வீட்டிலேயே இருந்த அந்த அறையில் டிசைன் வேலை பார்ப்பவர்கள் கணவனும் மனைவியும் மட்டும். ஒரே வகுப்பில் படித்தவர்கள், அதனால் 'நீ, வா, போ' என்றுதான் பேச்சு. எதிரெதிர்ச் சுவர்களை ஒட்டி ஆளுக்கொரு மேஜை, ஆளுக்கொரு மானிட்டர். பழத்தை வரைந்தது அவள். அவன் அதே ஃபைலைத் தன் திரையில் திறந்து, வெளிறிப்போயிருக்கிறதே என்று சிவப்பைக் கூட்டி அச்சுக்கு அனுப்பியிருந்தான்.

"நல்லா இருந்த பழத்தைக் கெடுத்துட்டியே! உன் கண்ணுல ஏதோ கோளாறு."

"என் கண்ணுலயா? நீதான் சோகை பிடிச்ச பழத்தை வரைஞ்சு வெச்சிருந்தே."

வாய்ச்சண்டை முற்றி, இருவரும் கண் டாக்டரிடமே போய்விட்டார்கள். அவர் சோதித்துப் பார்த்து, "ரெண்டு பேர் கண்ணும் அருமையா இருக்கு. எதைப் பார்த்து வேலை செய்யறீங்களோ அதைக் கவனிங்க," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு மானிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே பழத்தைத் திறந்தார்கள். ஒன்றில் பளபளவென்று மின்னியது. மற்றதில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்ததுபோல் இருந்தது. கையில் வைத்துப் பார்த்த நிஜப் பழம் இரண்டோடும் சேரவில்லை. இதற்காகவா அடித்துக்கொண்டோம் என்று அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தான்.

மறுநாள் புது மானிட்டர் வாங்கக் கடைக்குப் போனார்கள். சுவர் முழுக்கத் திரைகள். எல்லாவற்றிலும் கிளிகளும் அருவிகளும் கண்ணைப் பறித்தன. அவன் வளைந்த திரை ஒன்றின் முன் சொக்கிப்போய் நின்றுவிட்டான்.

"கேம் ஆடினா சும்மா பட்டையைக் கிளப்பும் சார்," என்றார் விற்பனையாளர்.

"நாங்க நேர்கோடு போடறவங்க. கோடு வளைஞ்சிருக்கா, திரை வளைஞ்சிருக்கான்னு தெரியாம முழிக்கணும்," என்று அவள் கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு பையிலிருந்து பென் டிரைவையும் ஒரு ஆரஞ்சுப் பழத்தையும் எடுத்தாள்.

"மேடம், பழத்துக்கு எங்ககிட்ட எக்ஸ்சேஞ்ச் கிடையாதே."

"மாத்திட்டுப் போக வரலை. கிளியை நிறுத்திட்டு இந்த ஃபைலைப் போடுங்க. அந்தப் பளபளப்பையும் கொஞ்சம் குறைச்சுடுங்க."

ஒவ்வொரு திரையாகப் பழத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். அவன் இடப்பக்கம், அவள் நேர் எதிரே.

"எனக்கு மங்கித் தெரியுது."

"எனக்கு நல்லா இருக்கே. சரி, இங்க வா."

இடம் மாறினார்கள். இப்போது அவளுக்கு மங்கியது. பக்கவாட்டில் பார்த்தால் நிறம் மாறுகிற திரை! ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். விற்பனையாளருக்கும் சுவாரசியம் தொற்றிக்கொண்டது. தானே குனிந்தும் எட்டியும் பார்த்து, "இதுவும் சரியில்லை சார்," என்று தன் சரக்கையே தள்ளிவிட ஆரம்பித்தார்.

கடைசியில், கீழ்த்தட்டில் யாரும் சீண்டாமல் கிடந்த, மினுமினுப்பே இல்லாத ஒரு திரை. எந்தப் பக்கம் நின்றாலும் அதே நிறம். பழத்தைப் பிடித்தால், திரையில் எது, கையில் எது என்று ஒரு நொடி கண் தடுமாறியது.

"இதுதான்!" என்றார்கள் மூவரும்.

கையிருப்பில் ஒன்றே ஒன்று. இன்னொன்று வரச் சில நாளாகும். அதுவரை மேஜைகளை அறையின் நடுவில் சேர்த்துப் போட்டு, முழங்கை இடிக்க உட்கார்ந்து லேபிளைத் திருத்தினார்கள். அவள் நிறத்தைத் தொட, அவன் எழுத்தை நகர்த்த, சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது.

புது லேபிளைப் பார்த்த பழச்சாறுக்காரர், "இப்பதான் எனக்கே தாகமா இருக்கு," என்றார்.

இரண்டாவது மானிட்டர் வந்தபோது அதையும் நடுவிலேயே, முதலாவதின் பக்கத்தில் வைத்தார்கள். மேஜைகளைச் சுவரோரம் திருப்பிப் போடும் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.