ஐஸ் கரைந்த நெக்ரோனி

ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரில் ஒரு சின்ன இத்தாலிய உணவகம். அங்கே இருபத்திரண்டு வருடமாக அடுப்பும் இவர்தான், பாரும் இவர்தான். இவர் என்றால் என் கணவர் யோகலிங்கம். ஆகவே மகள் மிதுஷா ஓர் இத்தாலியப் பையனைக் கூட்டிவந்தபோது நான் அவளை விட்டுவிட்டு இவரைத்தான் முறைத்தேன்.

கோபம் இரண்டு மாதத்தில் ஆறிவிட்டது. லூக்கா தங்கமான பிள்ளை. போன சனிக்கிழமை மாலை அவனுடைய தாய் கார்லாவும் தகப்பன் பிரான்கோவும் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கல்யாணம் சரிவருமா இல்லையா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.

"சாப்பாட்டுக்கு முன்னம் நெக்ரோனி குடுக்கவேணும். அவையின்ர முறை அது," என்றார் இவர்.

ஜின், கம்பாரி, வெர்முத் என்று மூன்று மதுவும் சரிசமன். பெரிய ஐஸ்கட்டி, ஒரு தோடம்பழத் துண்டு. கசந்தால்தான் நல்லாய்ப் பசிக்குமாம். மிதுஷாவுக்கும் ஒன்று ஊற்றப்போனார். நான் பார்த்த பார்வையில் அவளுக்கு வெறும் பழச்சாறு கிடைத்தது.

கிளாசுகளையும், நான் இறைச்சி வைத்துப் பொரித்த பற்றீஸ் தட்டையும் மேசையில் வைத்துவிட்டு, இவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் குசினி வாசலிலிருந்து, அடுப்பில் ஒரு கண்ணும் அவர்களில் ஒரு கண்ணுமாய்ப் பார்த்தேன். விருந்தாளிகள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் கிளாசைத் தொடவில்லை. ஐஸ் கரைந்தது. இவர் கிளாசுகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிவந்தார்.

"தண்ணியாப் போச்சு. திரும்பப் போடுறன்."

"உங்கட கலவை பிழைச்சுப்போச்சோ?"

"விசர்க்கதை கதையாதையும்! கிழமைக்கு நூறு போடுற கை இது!"

இரண்டாம் முறையும் அதே கதை. பற்றீஸ்கூட ஆறிப்போய்க் கிடந்தது. மூன்றாம் முறை இவர் ஐஸுக்கு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. மிதுஷாவை உள்ளே இழுத்தேன்.

"என்னடி, எங்கட வீட்டில கை நனைக்க அவைக்கு ஏலாதாமோ?"

"அம்மா, கார்லா அழுகிற மாதிரி இருக்கிறா. உங்களுக்குத் தன்ர மகனைப் பிடிக்கேல்லையோ எண்டு கேக்கிறா."

"ஆர் சொன்னது?"

"வீட்டுக்காரர் கிளாசோட வந்து பக்கத்தில இருந்தால்தான் அவை குடிப்பினம். அப்பா காவல்காரன் மாதிரி நிக்கிறார். நீங்கள் குசினியை விட்டே வரேல்லை."

விருந்தாளி சாப்பிட்டு எழும்பிய பிறகுதானே நாங்கள் சாப்பிட இருப்போம்? அதுதானே மரியாதை? ஐயோ, நாங்கள் மரியாதை காட்டக் காட்ட அந்த மனுசி உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. இவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

"நானோ? அவைக்குச் சமனாய் இருந்தோ?" என்று இவர் முழித்தார். உணவகத்தில் ஒருநாளும் வந்தவர்களோடு மேசையில் இருந்தறியாத மனுசன்.

"ஓம், நீங்கள்தான்."

இவரை உட்காரவைத்துவிட்டு, நான் கார்லாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். இவருக்கு முன்னால் கிளாஸ் இல்லாததைக் கண்டு பிரான்கோ எழும்பினார். தானே அளந்து ஊற்றி, தோடம்பழத் துண்டும் போட்டுக் கொண்டுவந்தார். இவர் பதறிப்போய் எழும்பப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து அமுக்கினேன்.

"பேசாமல் இருங்கோ. சம்மந்தி ஊத்தித் தாறார்."