ஆல்டோவின் ஒரே சுரம்

என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்கு ஃபிரேமை மாட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை உள்ளே வந்தாள். ஆள் இருக்கிறாரே என்றெல்லாம் அவளுக்குக் கவலையில்லை. மேசைமேல் ஒரு பையை வைத்தாள். உள்ளே எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் வெள்ளை அங்கி, துவைத்து இஸ்திரி போட்டு மடித்தபடி இருந்தது.

“இத வேற யாருக்காவது குடுத்துடு அக்கா.”

அந்தக் குரலைக் கேட்டதும் வாடிக்கையாளரே திரும்பிப் பார்த்தார். கழுத்தில் அறுவைச் சிகிச்சை நடந்ததிலிருந்து அவளுக்கு இந்தக் கரகரப்பு. பெண்களின் மேல்குரலான எங்கள் சோப்ரானோ வரிசையின் முதல் ஆள் அவள். உச்சியில் போய் அவள் நின்றால், பிரசங்கத்தில் தூங்கியவர்கூட நிமிர்ந்து உட்காருவார். இப்போது அவளுக்கு மிச்சம் நடுவில் நாலைந்து சுரங்கள்தான். மருத்துவர் கையை விரித்துவிட்டார்.

“கீழ்க்குரல்தானே, ஆல்டோவுல உக்காரேன்.”

“உக்காந்து? சும்மா வாய அசைக்கணுமா? அதுக்கு நான் வீட்லயே இருந்துக்குறேன்.”

போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரின் காதையும் கண்ணாடிக் கம்பியோடு சேர்த்து வளைத்திருப்பேன். குழுவை நடத்துகிறவள் நான், பாட்டைத் தேர்ந்தெடுக்கிறவளும் நான். சொந்தத் தங்கைக்கு ஒரு பாட்டு கிடைக்காதா என்ன?

கூரை மாற்றி ஆலயத்தைத் திறக்கும் ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. பாட்டுத் தேட எனக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் அன்றைய வேதபாடத்தைப் படிப்பேன். வார்த்தை அதோடு ஒட்டவில்லை என்றால் மெட்டு எத்தனை அழகானாலும் தள்ளிவிடுவேன். பிறகு சோப்ரானோ எவ்வளவு உயரம் ஏறவேண்டும், ஆண்களின் மேல்குரலான டெனருக்கு ஆள் போதுமா என்று பார்ப்பேன். டெனருக்கு எங்கேயும் ஆள் போதாது, அது வேறு கதை. ஆல்டோ வரியை ஒரு நடத்துனரும் முதலில் பார்ப்பதில்லை. இந்த முறை நான் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். சாப்பாட்டு மேசை முழுக்க இசைத்தாள். என் வீட்டுக்காரர் தட்டைக் கையில் ஏந்தி, நின்றுகொண்டே சாப்பிட்டார்.

கிடைத்தது. கடவுள் அசையாத கன்மலை என்று சொல்லும் பாட்டு. வேதபாடமும் அதேதான். நடுச் சரணத்தில் ஆர்கன் வாத்தியம் நின்றுவிடும், குரல்கள் மட்டும் பாடும். மற்ற மூன்று குரல்களும் ஏறி இறங்கி அலைய, ஆல்டோ சரணம் முழுக்க ஒரே சுரத்தில் நிற்கும். “எங்களுக்கு வேற வேலையே இல்லையா? ஒரே சுரம், போரடிக்குது” என்று ஆல்டோக்கள் சண்டை பிடித்ததால் எப்போதோ ஓரங்கட்டியது. அந்தச் சுரம் என் தங்கையிடம் மிச்சமிருந்தவற்றில் நட்டநடுவில் இருந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் அதில் ஒரு வில்லங்கமும் இருந்தது. ஆர்கன் துணையில்லாமல் பாடினால் குழு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருதி இறங்கும். பாடுகிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. ஆர்கன் திரும்ப வரும்போதுதான் வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறும். ஒரு கல்யாணத்தில் எங்களுக்கு அப்படி ஆகி, மணப்பெண்ணே வாயைப் பொத்திச் சிரித்தாள். அதிலிருந்து ஆர்கன் நிற்கும் பாட்டு என்றாலே எல்லோரும் பின்வாங்குவார்கள்.

எங்கள் ஆர்கன்காரர் முன்பு பஸ் ஓட்டியவர், அதனால் எங்களுக்கு டிரைவர் அண்ணன். தாளைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

“நான் வண்டிய நிறுத்திட்டுத் திரும்ப எடுக்குறப்போ நீங்க எந்தப் பள்ளத்துல கிடப்பீங்களோ! கூடவே மெதுவா வாசிக்கட்டுமாம்மா?”

“வேணாம்ணே. எழுதியிருக்கிறபடியே போவோம்.”

தாளையும் அங்கிப் பையையும் தங்கை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் ஆல்டோ வரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“பரிதாபப்பட்டுத் தேடுனியா?”

“உனக்காகத்தான்டி தேடுனேன். பரிதாபம் எல்லாம் ஒண்ணும் இல்ல. ஃபிரிட்ஜ் ஓடுற சத்தம் என்ன சுரம்னு சொல்ற காது உனக்கு. டாக்டர் அதையுமா வெட்டி எடுத்துட்டாரு?”

“ஒரே ஒரு ஒத்திகை. சரியா வரலேன்னா என்னை விட்டுடணும்.”

ஒத்திகையில் பயந்தது நடந்தது. நடுச் சரணத்தில், இப்போது சோப்ரானோ வரிசையின் முதல் ஆளாகிவிட்ட டீச்சர் சுருதி சறுக்க, எல்லோரும் கூடவே சறுக்கினார்கள். தங்கை மட்டும் தன் சுரத்தை விட்டு நகரவில்லை. நாராசமாக இருந்தது. டீச்சர் கையை உயர்த்தினார்.

“அவங்க மட்டும் மேல நிக்கிறாங்க. எங்களோட வரச் சொல்லுங்க.”

டிரைவர் அண்ணன் ஆர்கனில் ஒரு விரலை வைத்தார். தங்கை பாடிய அதே சுரம், அப்பழுக்கில்லாமல். டீச்சர் தன் நாற்காலியைத் தூக்கிவந்து தங்கைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

ஞாயிறன்று புதுக் கூரையின் கீழே நெருக்கியடித்துக் கூட்டம். தங்கை அங்கியோடு வந்திருந்தாள். முதல் சரணம் முடிந்தது, ஆர்கன் நின்றது. ஆலயம் திடீரென்று பெரிதாகிவிட்டது போல எனக்குப் பயம் வந்தது.

முதலில் ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் வரிசை தொய்ந்தது. தங்கை யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, சுரத்தை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். கரகரப்பு வெளியே கேட்டது, கேட்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டார். டெனரில் இருக்கிற ஒன்றரை ஆளும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் பேஸும் ஏறி வந்து சேர்ந்தது.

சரணம் முடியப்போனது. டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். கையை இறக்கினேன். அவர் பத்து விரலைக் கட்டைகளிலும் இரண்டு காலை மிதிகட்டைகளிலும் ஒரேயடியாக வைத்தார்.

இம்மி பிசகவில்லை. குரலும் ஆர்கனும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூரை வரை எழும்பின. யாரும் சொல்லாமலே சபை எழுந்து நின்றது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கையை வீசினேன். ஜெயித்துவிட்டோம் என்று கத்தவேண்டும்போல் இருந்தது. ஆலயமாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து பின்னறையில் எல்லோரும் அங்கியைக் கழற்றி மாட்டினார்கள். தங்கை கழற்றவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அடுத்த வாரம் ரெண்டு சுரமாவது இருக்கிற பாட்டாப் பாரு அக்கா. ஒரே சுரம், போரடிக்குது.”