சிமெண்டுப் பூச்சு

சாத்தூர் கடைவீதியில் முகப்புக்குக் கண்ணாடி மாட்டாத கட்டடம் என்று மிச்சம் இருந்தது சீனிவாசகத்தின் வத்தல் கடை ஒன்றுதான். தேக்குத் தூண், சுண்ணாம்புச் சுவர், முகப்பில் இரண்டு சுதைக் கிளிகள். நூறு வயதாகிறது. ஜவுளிக்கடைக்காரர்கள் விலைக்குக் கேட்டார்கள், பெற்ற மகனே கேட்டான். "என் உசுரு போனபிறகு இடிச்சுக்கிடுங்கலே" என்று எல்லாரையும் விரட்டிவிட்டார் மனுஷன்.

போன வாரம் ஒரு கிளி வீதியில் விழுந்து உடைந்தது. நல்லவேளை, யார் தலையிலும் விழவில்லை. கட்டடம் நிற்கலாமா கூடாதா என்று பார்த்துச் சொல்ல இன்ஜினியர் அனுப்பிரியா வந்திருந்தாள்.

"இரும்பு மாதிரி இருக்கும், நல்லாப் பாருங்கம்மா" என்று சீனிவாசகம் சுவரைத் தட்டிக் காட்டினார். தட்டிய இடம் வெற்றுப் பானை மாதிரிப் பொள்ளலாகச் சத்தம் கொடுத்தது. அவள் திருப்புளியால் நெம்பினாள். பலகை அளவு சிமெண்டு பெயர்ந்து வந்தது. பின்னாலேயே ஈர மண் கொட்டியது.

"சுண்ணாம்புச் சுவருக்கு சிமெண்டு பூசினது யாருய்யா?"

"நான்தாம்மா."

ஏழு வருஷத்துக்கு முன் ஊருக்கு வெளியே ஒரு பட்டாசு ஆலை வெடித்தபோது இந்தச் சுவரில் மயிரிழைக் கீறல் விழுந்தது. ஊர் செத்தவர்களுக்கு அழுதது. இவர் கீறலைப் பார்த்துப் பார்த்துச் சோறு இறங்காமல் கிடந்தார். "சுண்ணாம்பே அரைச்சுப் பூசுவோம் மொதலாளி, அதுக்கு அதுதேன் சேரும்" என்று கொத்தனார் கருப்பணன் தலைபாடாக அடித்துக்கொண்டார். கேட்டாரா? "ஏலே, இன்னொரு வெடி வெடிச்சா ஒன் சுண்ணாம்பு தாங்குமா?" என்று அதட்டி, உள்ளும் புறமும் சிமெண்டைக் கனமாகப் பூச வைத்தார். பூசி முடித்த அன்று கருப்பணனுக்கு வேட்டி துண்டு வேறு எடுத்துக் கொடுத்தார்.

"தரையீரம் வெளிய போக வழியில்லாம உள்ளேயே நின்னு சுவரைத் தின்னுருச்சுய்யா. இனி நிக்காது. இடிச்சுத்தான் ஆகணும்."

"அந்தக் கீறல்?"

"மயிரிழைதானே? சும்மா விட்டிருந்தா சுண்ணாம்பு தன்னாலேயே கூடியிருக்கும்."

பாவி மனுஷன், வத்தல் மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். யாரைத் திட்டுவது? கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு எதிரிகூட இல்லை.

இடிக்கவும் கருப்பணனையே ஆள்விட்டு அழைத்தார். கடப்பாரை பட்டதும் உள்சுவர் பொலபொலவென்று சரிந்தது. பூச்சு மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டு சம்மட்டிக்கு மசியவில்லை.

கருப்பணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "அன்னைக்கு நல்லாக் கெட்டியாப் பூசச் சொன்னீகள்ல, மொதலாளி."

"ஆமப்பா, நான்தான் சொன்னேன்" என்றார் சீனிவாசகம். "அடி."