எப்சி எழுதிய எபனேசரின் அசைன்மெண்ட்

1

இந்தக் கதை கேட்டு வாங்கப்பட்டது. 2003இல் ஒரு பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வித் துறையிலிருந்து கடிதம் வந்தது: வளங்குன்றா வளர்ச்சிப் பாடத்தில் சேர்க்க ஒரு கதை வேண்டும், மாணவர்களுக்குத் தூக்கம் வராதபடி. நான் குடும்ப நாவல் எழுதுகிறவள். என்னிடம் யாரும் வளர்ச்சி கேட்டதில்லை, கல்யாணம்தான் கேட்பார்கள்.

2

முதல் தொடக்கம்: "பாலாறு அன்று கண்ணீர் விட்டு—"

(அடித்துவிட்டேன். அழுவதற்கும் ஆற்றில் தண்ணீர் வேண்டுமே.)

இரண்டாம் தொடக்கம்: ஆம்பூரில் எபனேசர், எப்சி என்றொரு தம்பதி. அவன் தோல் தொழிற்சாலையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு சூப்பர்வைசர். அஞ்சல்வழியில் சுற்றுச்சூழல் டிப்ளமோ படிக்கிறான், முடித்தால் மேனேஜர். படிக்கிறான் என்றால், பெயர் பதிந்தது அவன்; படிப்பது பள்ளி ஆசிரியையான எப்சி. அசைன்மெண்டை அவள் எழுதுவாள், அவன் கையெழுத்துப் போடுவான். (சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் யார் எழுதினார்கள்?)

3

கேள்வி: உங்கள் பணியிடத்தில் காணும் சுற்றுச்சூழல் சிக்கல் ஒன்றை விளக்குக. இன்று கடைசி நாள்; சனிக்கிழமை, தபால் ஆபீஸ் அரை நாள்தான். மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பிய எபனேசர், வழக்கத்துக்கு மாறாக ஒரு பக்கத்தைப் படித்துவிட்டான்.

"இன்னாடி இது? 'சுத்திகரிப்பு மோட்டார் மாதம் ஒருமுறை, அதிகாரிகள் வரும் அன்று மட்டுமே ஓடும்.' யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதான். சோறு திங்கறப்போ இன்னா பேசறீங்கன்னு உங்களுக்கே தெரியாது."

"பேப்பர் திருத்தற சாரு எங்க மொதலாளிக்கு தோஸ்த்து. என் வேலை போய்டும்!"

"அனுப்பலன்னா ஃபெயிலு."

"ஓசோன்ல ஓட்டைன்னு எழுதறதுக்கு இன்னா? எல்லாரும் அதான் எழுதறான்."

"ஓசோன் உங்க கம்பெனிலயா வேலை செய்யுது? எங்க ஸ்கூல் போர்ல தண்ணி டீ கலர்ல வருதுங்க. பசங்க அதைத்தான் குடிக்குதுங்க."

4

எபனேசர் நல்லவன்தானா என்று எனக்கே சந்தேகம். என் நாவலாக இருந்தால் இந்நேரம் அவள் கையைப் பிடித்து, கண்களில்— (இல்லை. ஷூ லேஸ் கட்டுகிறான்.)

முடிவு அ: கிழிக்கிறான்.

முடிவு ஆ: கையெழுத்துப் போடுகிறான். டிப்ளமோ வருகிறது, வேலை போகிறது. துறைக்கு இது பிடித்திருந்தது. "வேலை போகிறது" என்பதை மட்டும் எடுக்கச் சொன்னார்கள்.

5

அவன் இரண்டையும் செய்யவில்லை.

"பேனாவைக் குடு. தப்பா எழுதிருக்க."

"எதுங்க தப்பு?"

'மாதம் ஒருமுறை' என்பதை அடித்தான். மேலே, 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை' என்று எழுதினான். எட்டுப் பக்கத்தில் அந்த மூன்று சொல் மட்டும்தான் அவன் எழுதியது.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். பெயருக்குக் கீழே வெற்றுக் கோடு. தபால் ஆபீஸ் மூட இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. அவன் கையை என்னால் நகர்த்த முடியவில்லை. நீங்கள் வேண்டுமானால்—